உள் ஒயர் அவரவர் பொறுப்பு

இன்டர்நெட் பெட்டியை எங்கே வைக்கலாம் என்று இஞ்சினியர் பெண் கேட்டதற்கு, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் பதில் சொல்லாமல் சாவி தேடப் போய்விட்டார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே பிளக் இருந்தது. பிளக்குக்கு மேலே காலிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், வாசலிலேயே மின்கம்பம். இதைவிடத் தோதான இடம் எந்த வீட்டிலும் அமையாது. ஆனாலும் மனிதர் அலமாரியைக் குடைந்தார், மனைவியைக் கூப்பிட்டார், இரண்டு பேருமாகச் சமையலறை டப்பாக்களை உருட்டினார்கள், கடைசியில் பருப்பு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சாவி வந்தது. "வாங்க, உள்ள காட்டறேன்" என்று கூடத்தைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, துணி காயும் நடையைத் தாண்டி வீட்டின் கடைசி அறைக்குக் கூட்டிப்போனார். உறை போட்ட மெத்தையோடு ஒரு கட்டில், ஒரு மேஜை, கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பழைய ஸ்கூல் பை. எல்லாம் நேற்றுத் துடைத்தது போல இருந்தது. "இங்கதான் வைக்கணும். பையன் வந்தா இங்கதான் உக்காருவான்" என்றார். பையனுக்கு நாற்பது வயதாகிறது. கடல் தாண்டி ஏதோ ஒரு குளிர்தேசத்தில் இருக்கிறான்.

இஞ்சினியர் பெண் கையிலிருந்த கருவியால் சுவரில் சிவப்புப் புள்ளியை அடித்து, அது காட்டிய தூரத்தைக் குறித்துக்கொண்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரிதான், தினமும் பார்க்கப் போவது நீங்கள் இரண்டு பேர்தானே, கூடத்திலேயே வைத்தால் என்ன என்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள். போஸ்ட்மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனைவி மெத்தை உறையின் மேல் இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்க இதே கதைதான். பால்பண்ணைக்காரர் வீட்டில், கல்யாணமாகிப் போன இரண்டு பெண்களும் படுத்திருந்த மாடி அறையைக் காட்டினார்கள். அதில் இப்போது தீவன மூட்டைகள் இருந்தன, அவற்றை எடுத்துவிடுவோம் என்றார்கள். பஸ் டிரைவர் வீட்டில், வெளியூரில் இருக்கும் தம்பிக்கென்று ஒதுக்கிய அறை. அதற்கு இன்னும் கூரையே போடவில்லை. டிரைவர் வானத்தைப் பார்த்தபடி நின்று, "இந்த மூலையில வச்சா சரியா இருக்கும்" என்று விரலால் காட்டியபோது இஞ்சினியர் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் சிரிக்கவில்லை. கான்கிரீட் போட்ட பிறகு வந்து பொருத்தினால்கூடப் போதும் என்று இறங்கி வந்தார். இருக்கிறவர்கள் உட்கார்ந்து, தின்று, தூங்குகிற அறையை ஒருத்தர்கூடக் காட்டவில்லை என்று சொன்னால் அது மிகை இல்லை.

மருந்துக்கடைக்காரி ஊர் மன்றத்தில் உறுப்பினர். சின்னவர்கள் மெம்பரக்கா என்பார்கள், பெரியவர்கள் வெறும் மெம்பர். ஊருக்கு அதிவேக இன்டர்நெட் வேண்டும் என்று முதலில் வாயைத் திறந்தவள் அவள்தான். கம்பெனிக்காரர்கள் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, ஆட்கள் குறைவு, கட்டுப்படியாகாது என்று கையை விரித்துவிட்டுப் போயிருந்தார்கள். போனால் போகட்டும், ஊருக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது யார், நாம்தானே, இதையும் நாமே போட்டு நாமே வைத்துக்கொள்வோம் என்று அவள் மன்றத்தில் எழுந்து சொன்னபோது தலைவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் விடவில்லை. இப்படிச் சொந்தமாகப் போட்டுக்கொண்ட ஊர்களைத் தேடிப்பிடித்து, அங்கே யார் யாரையோ பிடித்துப் பேசினாள். அரசாங்க உதவிக்கு மனு போட்டு, அந்த மனு எந்த மேஜையில் தூங்குகிறது என்று விசாரித்து, போய்த் தட்டி எழுப்பிவிட்டு வந்தாள். கடைக்கு இருமல் மருந்து வாங்க வந்தவர்கள் இன்டர்நெட் வரும் கண்ணாடி இழையைப் பற்றி ஒரு பிரசங்கத்தையும் கேட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. இவள் இருமலுக்கு மருந்து தருகிறாளா, இல்லை தலைவலிக்கு ஆள் பிடிக்கிறாளா என்று ஊரில் ஒரு கேலி உண்டு.

ஊருக்காக இப்படி ஓடாய்த் தேய்கிறாளே என்று புகழ்ந்தவர்களும் உண்டு. அதைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு உள்ளுக்குள் கூசும். உள்ளதைச் சொன்னால், ஊருக்கு என்ன வேண்டும் என்று அவள் உட்கார்ந்து யோசித்ததே இல்லை. அவளுக்கு வேண்டியது அவள் புருஷன்.

அவர் கட்டடங்களுக்குப் பிளான் வரைகிறவர். கல்யாணமான புதிதில் மாடி அறையில் பெரிய பலகையைச் சாய்த்து வைத்து ஊரிலேயே வரைந்துகொண்டிருந்தார். வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போனது; கம்ப்யூட்டரோடு அவரும் பெருநகரத்துக்குப் போனார். பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் பிரயாணம். மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர், பிறகு எப்போது லீவு கிடைக்கிறதோ அப்போது என்றானார். சில வருஷங்களுக்கு முன்னால், கிளம்புகிற அவசரத்தில், படியில் உட்கார்ந்து ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்: "இங்க மட்டும் நல்ல நெட் இருந்தா நான் எதுக்கு அங்க போயி கெடக்கறேன்? மாடி ரூம்ல உக்காந்தே எல்லாத்தையும் முடிச்சிருவேன்." சொல்லிவிட்டு முடிச்சை இறுக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அவள் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் ஓடிய ஓட்டம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையின் பின்னால்தான்.

சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அன்றைக்கு நடந்ததெல்லாம் வாய்வரை வந்து நிற்கும். தலைவர் சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு, கடை வாசலிலேயே நின்று கேக் தின்ற கதையை யாரிடம் சொல்வது? போன் வரும், ஆனால் கதையில் பாதி கேட்கும், பாதி காற்றோடு போகும். "என்ன, என்ன?" என்று அவர் கேட்டுக் கேட்டு, அவள் திரும்பத் திரும்பச் சொல்லி, சிரிக்க வேண்டிய இடம் வரும்போது இரண்டு பேருக்கும் அலுத்திருக்கும். கடைசியில், சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சரி என்பதோடு முடிந்துவிடும். சண்டை போடக்கூட ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். போனில் போடுகிற சண்டை ஒரு சண்டையா? முகத்தைத் திருப்பிக்கொண்டால் யாருக்குத் தெரிகிறது? ஏங்கிப் போய்விட்டாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாடியில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டால் போதும், கீழே தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

இந்த ஆசையை அவள் வாய் தவறி ஒரே ஓர் ஆளிடம் சொன்னாள். அது மாமனார். கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு ரேடியோவும் கையுமாக இருக்கிறவர். இன்டர்நெட்டைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஆனால் மகன் வருகிறான் என்றால் எந்தப் பேயையும் வீட்டுக்குள் விடத் தயார். வாசலில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்தி, லைன் வந்ததும் பையன் நிரந்தரமாக வந்துவிடுகிறான் என்று பறையடித்துவிட்டார். ஒரே வாரத்தில் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. "எப்பக்கா சார் வர்றாரு?" என்று மாத்திரை வாங்க வருகிறவர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். வீட்டுக்குப் போய் மாமனாரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று கோபமாக நடப்பாள். போனதும், மாடி அறையைப் பெருக்கியாயிற்றா என்று அவர் கேட்பார். கோபம் போய்விடும்.

அளவெடுப்பு முடிந்த மறுநாள் இஞ்சினியர் பெண் கடைக்கு வந்தாள். கூட்டம் இல்லாத நேரம். கண்ணாடிப் பெட்டியின் மேல் கணினியைத் திறந்து வைத்துத் திருப்பிக் காட்டினாள். ஊர் வரைபடம். தெருக்களில் போகும் கேபிள் பச்சையாக இருந்தது, வீடுகளுக்குள் போவது சிவப்பாக. சில வீடுகளில் பச்சையைவிடச் சிவப்பு நீளம். கொல்லை வரைக்கும், மாடி வரைக்கும், மாடிக்கு மேல் இன்னும் கட்டாத மாடி வரைக்கும் ஓடியிருந்தது.

"மெம்பர், நான் நாலஞ்சு ஊர்ல இந்த வேல பாத்திருக்கேன்" என்றாள் அவள். "எல்லா ஊர்லயும் டிவி பக்கத்துல வைங்கன்னுதான் கேப்பாங்க. இங்க மட்டும்தான் யாருமே இல்லாத ரூம்ல கேக்கறாங்க."

மருந்துக்கடைக்காரி வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போஸ்ட்மாஸ்டர் வீட்டுச் சிவப்புக் கோடு எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குத் தெரியும்; அங்கே ஆணியில் ஒரு பை தொங்குகிறது. இஞ்சினியர் பெண் விஷயத்துக்கு வந்தாள். வீட்டுக்குள் இவ்வளவு நீளம் இழுத்து, சுவரைத் துளைத்து, மாடி ஏற்றி வேலை செய்வதென்றால், கிடைத்திருக்கிற உதவித்தொகைக்குள் மேட்டுத் தெரு வராது. ஊருக்கு வெளியே, ஏற்றத்துக்கு மேலே இருக்கிற தெரு அது. அதை விட்டுவிட்டால் கணக்கு சரியாகிவிடும். விட முடியாது என்றால், எல்லா வீட்டிலும் பெட்டி வாசல் சுவரை ஒட்டி முதல் அறையிலேயே உட்கார வேண்டும். அதற்கு மேல் உள் ஒயர் அவரவர் பொறுப்பு. இரண்டில் ஒன்றை மன்றம் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். போகிற போக்கில், "உங்க வீட்ட மட்டும் இன்னும் அளக்கலயே" என்றும் கேட்டாள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் மருந்துக்கடைக்காரி. அதைத்தான் அவள் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மேட்டுத் தெருவை விடுவதா? அந்தத் தெருவிலிருந்து கொத்தனார் மனைவி குழந்தைக்குச் சளி மருந்து வாங்க வரும்போதெல்லாம், லைன் எங்கள் மேட்டுக்கும் ஏறுமா என்று கேட்பாள். நர்ஸ் படிப்பைப் பாதியில் விட்டவள். மிச்சத்தை வீட்டிலிருந்தே படித்து முடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏறும், ஏறும் என்று மருந்துக்கடைக்காரி வாக்குக் கொடுத்திருந்தாள். அப்படியானால் ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய், உங்கள் பிள்ளையின் அறை வேண்டாம், கூடத்துக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும். அவர்கள் இவளைப் பார்த்து, உன் வீட்டில் எங்கே என்று கேட்பார்கள்.

அந்த வாரக் கடைசியில் புருஷன் வந்தார். அவர் வருகிறார் என்றதும் மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்தி, ஒரு புது விளக்கும் வாங்கி வைத்திருந்தாள். சொல்லிக்கொள்ளவில்லை. காலையில் காபி தம்ளரோடு அவராக மேலே ஏறி வரட்டும் என்று காத்திருந்தாள். ஏறி வந்தார். சுவரைத் தடவிப் பார்த்தார். வெளிச்சம் இடது கைப்பக்கத்திலிருந்து வருவது வரைகிறவனுக்கு நல்லது என்று அவரே சொன்னார். அவள் உற்சாகமாகி, பெட்டி இந்த மூலையில், பிளக் இங்கே, நாற்காலி வேண்டுமானால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று கைகாட்டி விவரித்தாள். சின்னப் பெண் போலப் பேசுகிறோம் என்று தெரிந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. தலைவரும் கேக்கும் கதையைக்கூட நடுவில் சொன்னாள். இந்தத் தடவை முழுக்கக் கேட்டது. அவர் ரொம்ப நேரம் சிரித்தார்.

சிரித்து முடித்து, தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, "மாடியில எதுக்கு? கீழ கூடத்துலயே வச்சிக்கோ. நீதான பாக்கப் போற" என்றார்.

"நீங்க?"

"நான் வர்றப்ப கீழயே உக்காந்துக்கறேன்."

சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் புது விளக்கின் சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"லைன் வந்தா வந்துடறேன்னு சொன்னீங்களே."

அவருக்கு ஞாபகம் இல்லையோ என்று அவள் பயந்தாள். ஞாபகம் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"சொன்னேன். அப்ப நெசமாத்தான் சொன்னேன்" என்றார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, மென்று விழுங்கி, ஒவ்வொன்றாகச் சொன்னார். இப்போது அவர் வரைவது குறைவு. வரைகிறவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சின்னப் பிள்ளைகள், பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு நடை, ஒரு டீக்கடை, ஞாயிற்றுக்கிழமை கேரம் ஆட நாலு பேர் என்று ஒரு பழக்கம் வந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொல்லவில்லை, இப்போதைக்கு முடியாது. "நீ இதுக்காகத்தான் இவ்வளவும் பண்ணியா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பாள். அவர் புது விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ஊருக்காகப் பண்ணினேன் என்று சொல்லிவிட்டு அவள் காலித் தம்ளரை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். படி இறங்கும்போது கண் மறைத்தது. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் சத்தத்துக்குள் நின்று அழுதாள். அவர் பின்னால் வந்து நின்றதும் தெரிந்தது, என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போனதும் தெரிந்தது.

மறுநாள் அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். மாமனார் ரேடியோவைக் குறைத்து, ரூமைப் பார்த்தானா, பிடித்திருக்கிறதாமா என்று கேட்டார். வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றார் என்று சொன்னாள். அது பொய் இல்லை. மாமனார் திருப்தியாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மன்றக் கூட்டம் பள்ளிக்கூடத்து ஹாலில் நடந்தது. இவ்வளவு கூட்டம் தேர்தலுக்குக்கூட வந்ததில்லை. இஞ்சினியர் பெண் படத்தைத் திரையில் காட்டி, பெட்டி முதல் அறையில், உள் ஒயர் அவரவர் பொறுப்பு என்று படித்ததும் சலசலப்புக் கிளம்பியது. பால்பண்ணைக்காரர் எழுந்து, தீவன மூட்டைகளை எல்லாம் மாற்றி முதுகு பிடித்துக்கொண்டது, இப்போது வந்து சொல்கிறீர்களே என்றார். பஸ் டிரைவர், வாசல் அறையில் வைத்தால் வருகிறவன் போகிறவன் எல்லாம் பாஸ்வேர்டு கேட்பான் என்றார். அது சப்பைக்கட்டு என்று அவருக்கே தெரியும். மேட்டுத் தெருக்காரர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார் மனைவி மடியில் தூங்குகிற குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டாவிட்டாலும் குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

தலைவர், மெம்பர் பேசட்டும் என்று மெல்ல நழுவினார். மருந்துக்கடைக்காரி எழுந்தாள். மேட்டுத் தெருவை விட்டுவிட்டுப் போடுகிற லைன் ஊர் லைன் இல்லை என்று சொல்ல நினைத்தது பாதியிலேயே நின்றுபோனது. ஏனென்றால் போஸ்ட்மாஸ்டர் கைத்தடியை ஊன்றி எழுந்து நின்றார்.

"எல்லாம் சரி. உங்க வீட்டுல எங்க வைக்கறீங்க மெம்பர்?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஹாலில் எல்லாருக்கும் மாடி அறையைத் தெரியும், சுண்ணாம்பு அடித்தது தெரியும், யாருக்காக என்று தெரியும். மாமனார்தான் சொல்லித் தொலைத்திருக்கிறாரே.

"கூடத்துல" என்றாள்.

யாரோ ஒரு பெண், அப்படியென்றால் சார் என்று இழுத்தாள், முடிக்கவில்லை.

"அவரு வர்றப்ப கீழ உக்காந்துப்பாரு."

சொல்லும்போது மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போஸ்ட்மாஸ்டர் அவளையே பார்த்தார். பிறகு திரும்பித் தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். "சரி, எங்களுக்கும் கூடத்துல போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. பால்பண்ணைக்காரர் கையைத் தூக்கினார், டிரைவர் தூக்கினார், கை தூக்கிக்கொண்டே போனார்கள். தலைவர் எண்ணவே இல்லை. கடைசி வரிசையில் கொத்தனார் மனைவி குழந்தையின் தலைக்கு மேல் குனிந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். கூட்டம் கலைந்தபோது பெண்கள் சிலர் மருந்துக்கடைக்காரியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஏதாவது பேசியிருந்தால் அவள் அங்கேயே உடைந்திருப்பாள்.

அடுத்த வாரம் தெருவில் கேபிள் இழுக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். ஆட்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் உள் ஒயரை அவரவர் இழுத்து வைத்துவிட வேண்டும் என்று மன்றத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். கூடத்துக்குள்ளேயே உபயோகிக்கிறவர்களுக்கு உள் ஒயர் எதற்கு? ஆனால் ஹார்டுவேர் கடையில் நெட் ஒயர் தீர்ந்துபோய், மறு லோடு வரவழைக்க வேண்டியிருந்ததாம். அந்தக் கடைக்காரர்தான் மாத்திரை வாங்க வந்தபோது சொன்னார். போஸ்ட்மாஸ்டர் முழுச் சுருளாக வாங்கிப்போனார், பால்பண்ணைக்காரர் இரண்டு ஆள் அனுப்பினார், டிரைவர் கான்கிரீட்டுக்குள் பதிக்கக் குழாயும் சேர்த்து வாங்கினார். கை தூக்கிவிட்டுப் போனவர்கள் எல்லாம் அவரவர் காசில் அந்த ஆளில்லாத அறை வரைக்கும் ஒயர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். என்ன ஊரோ என்று சிரித்தார் அவர். மருந்துக்கடைக்காரியும் சிரித்தாள்.

மறுநாள் மத்தியானம் கடையை அரைமணி சாத்திவிட்டு அவள் ஹார்டுவேர் கடைக்குப் போனாள். எத்தனை மீட்டர் என்று கடைக்காரர் கேட்டார். தெரியவில்லை. ஊர் முழுக்கத் தூரம் பார்த்தவளுக்குத் தன் வீட்டுத் தூரம் தெரியவில்லை. இன்னும் அளக்கவில்லை என்றாள். பரவாயில்லை, கண் மதிப்பாகச் சொன்னால் போதும், மிச்சமானால் திருப்பிக் கொடுங்கள் என்று அவர் புதுச் சுருளைப் பிரித்தார். கடைக்குள் இடம் இல்லை. பெயிண்ட் டப்பாக்களும் தண்ணீர்க் குழாய்களும் அடைத்துக்கொண்டிருந்தன. அதனால் ஒயரின் நுனியை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுருளைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலில் இறங்கினார்.

"நான் நடந்துகிட்டே விடறேன். போதும்னா சொல்லுங்கக்கா."

நீல ஒயர் படி இறங்கித் தெருவில் நீண்டது. அவள் மனசு வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. வாசல் சுவர், மாமனாரின் நாற்காலி, அதைத் தாண்டிச் சமையலறை வாசல். அங்கே ஒரு முக்காலி போட்டுக்கொண்டு அவள் பார்ப்பதற்கு இவ்வளவு போதும், தாராளமாகப் போதும். ஹார்டுவேர்க்காரர் பக்கத்துக் கடையைத் தாண்டியிருந்தார். திரும்பிப் பார்த்தார். அவள் வாயைத் திறந்தாள்.

போதும் என்ற வார்த்தை வரவில்லை. அவர் தலையை ஆட்டிவிட்டு மேலே நடந்தார். அவள் மனசில் இப்போது மாடிப்படியின் அடி. படி திரும்புகிற இடம். சைக்கிளில் வந்த ஒருவர் ஒயரைக் கண்டு இறங்கி, சைக்கிளைத் தூக்கித் தாண்டி வைத்துவிட்டு ஏறிப்போனார். ஜன்னல், மேஜை, இடது கைப்பக்க வெளிச்சம். அந்த அறையையும் தாண்டி ஒயர் போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவள் புருஷனைப் பஸ் ஏற்றிவிட்ட திருப்பம் வந்ததும் ஹார்டுவேர்க்காரர் நின்று, அங்கிருந்தே கையை உயர்த்திப் போதுமா என்று கேட்டார். கையிலிருந்த நுனியை அவள் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் சுருளைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு திருப்பத்தில் திரும்பினார். ஒயர் அவர் பின்னால் தரையை உரசிக்கொண்டே போனது.